அடங்கிப்போக விரும்பும் பெண் பெண்ணியவாதியாக இருக்கலாமா?

கேட்டவர் சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் பெண். கேள்வியின் சுருக்கம் இது: "எங்களுக்கெல்லாம் பெண்ணியம் சொல்லிக்கொடுத்தவளே என் தோழிதான். அவளும் அவள் பார்ட்னரும் பிடிஎஸ்எம், அதாவது அடக்குவதும் அடங்குவதும் கட்டுவதும் வலியும் கலந்த உறவை விரும்புகிறவர்களின் குழு ஒன்றில் இருப்பதாகச் சமீபத்தில் சொன்னாள். படுக்கையில் அவன் கட்டளைக்குப் பணிவதும் கை கட்டப்படுவதும் அவளுக்குப் பிடிக்குமாம். 'சம்மதம் இருக்கு, அவ்வளவுதான்' என்கிறாள். வெளியே ஆணாதிக்கத்தை எதிர்த்துப் பேசிவிட்டு உள்ளே இப்படி இருப்பது முரண் இல்லையா? சம்மதம் இருந்துவிட்டால் எதுவும் சரியாகிவிடுமா?"

முதல் கேள்விக்கு என் பதில், முரண் இல்லை. இரண்டாவதற்கு, ஆகாது. ஒன்றை மட்டும் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்ள இடமுண்டு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் பெண்கள் தரப்பில் வழக்கு நடத்துகிறவள் நான். என் கருத்துகளில் பாதி புத்தகத்தில் இருந்து வந்தது, பாதி அந்த வராந்தாவில் கேட்டது.

ஒரு பெண் எதற்குச் 'சரி' சொன்னாள் என்று பார்ப்பதற்கு முன்னால், 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பேன். ஒன்றும் ஆகியிருக்காது, அவன் எழுந்து போய் காபி போட்டிருப்பான் என்றால் அந்தச் 'சரி'க்கு மதிப்பு உண்டு. அடி விழும், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டான், வீட்டுச் செலவுக்குப் பணம் வராது, மாமியார் காதுக்குப் போகும், போட்டோ வெளியே போகும் என்றால் அது சம்மதம் கிடையாது. அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாலும் கிடையாது.

இந்த அளவுகோலோடு முதலில் நம் கல்யாணங்களைப் பார்க்க வேண்டும். சாந்தி முகூர்த்தத்துக்கு நேரம் குறிப்பவர் ஜோசியர். கட்டிலுக்குப் பூ அலங்காரம், தட்டில் பழம், சொம்பில் பால் எல்லாம் தயாராக இருக்கும். அத்தையோ பெரியம்மாவோ அறை வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். பந்தியில் எத்தனை இனிப்பு என்பதை மாதக்கணக்கில் பேசிய குடும்பம், அன்று இரவு அவளுக்கு விருப்பமா என்பதை மட்டும் கேட்காது. மறுநாள் காலையில் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் கழித்து 'விசேஷம் ஏதாவது உண்டா' என்று ஆரம்பித்துவிடும். எல்லாக் கணவர்களும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பழகும் ஆண்கள் இருக்கிறார்கள். ஆனால் கேட்பது அவர்களுடைய நல்ல குணமாக இருக்கிறதே தவிர, கேட்டே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஏற்பாட்டில் எங்கேயும் இல்லை.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது. பாலியல் ரீதியாக அவமானப்படுத்துவதும் கண்ணியத்தைக் குலைப்பதும் வன்முறை என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு வரும் படிவத்தில் பாலியல் வன்முறைக்கென்று தனிப் பகுதியே உண்டு. ஆனாலும் மனு எழுத உட்கார்ந்தால் வரதட்சணை வரும், குடி வரும், நகை அடகுக்குப் போனது வரும். எல்லாம் எழுதி, வக்காலத்தில் கையெழுத்து போட்டு, கூட வந்த அம்மா தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே போன பிறகுதான், "மேடம், இன்னொண்ணு... இதை எழுத வேணாம்" என்று தொடங்குவார்கள். மாதவிடாய் நாளில்கூட விடமாட்டார் என்பாள் ஒருத்தி. தூங்கிக்கொண்டிருக்கும்போதே என்பாள் இன்னொருத்தி. எழுதட்டுமா என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார்கள். "அண்ணனும் படிப்பாங்க மேடம்."

தண்டனைச் சட்டமும் இங்கே கைவிட்டுவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியிடம் கணவன் நடந்துகொள்வது பாலியல் வல்லுறவு ஆகாது என்ற பழைய விதிவிலக்கை அப்படியே வைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் 15 என்றிருந்த அந்த வயது வரம்பு 18 ஆனதே உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தந்த தீர்ப்பால்தான். 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்த விதிவிலக்கு செல்லுமா என்ற கேள்வியில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். பிரிந்து வாழும் மனைவி என்றால் மட்டும் தனிப் பிரிவு இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் மனைவியின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் குற்றவியல் சட்டத்தில் இடமில்லை.

இப்போது உங்கள் தோழியிடம் வருவோம். வேறொரு விஷயமாக என்னிடம் வந்த ஒரு பெண், தன் பார்ட்னரோடு சேர்ந்து எழுதி வைத்திருந்த அட்டவணையை மொபைலில் காட்டினாள். இதைச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மூன்று பத்தி. பிடிக்கும், யோசிக்கலாம், கூடவே கூடாது. மணிக்கட்டைக் கட்டுவது முதல் பத்தியில் இருந்தது, கன்னத்தில் அறைவது மூன்றாவதில். அவன் பக்கத்திலும் ஒரு 'கூடவே கூடாது' இருந்தது. அவள் கேட்டாலும் அவளைக் கெட்ட வார்த்தையால் திட்டமாட்டான், அவனுக்கு அது ஒத்துவராது. நிறுத்துவதற்கென்று ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அதைத்தான் சேஃப்வேர்ட் என்கிறார்கள். பலர் சிக்னல் விளக்கின் நிறங்களையே வைத்துக்கொள்வார்கள். மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் அந்த நொடியே எல்லாம் நின்றுவிட வேண்டும். பேச முடியாத நிலை வந்தால் கையில் பிடித்திருக்கும் சாவிக்கொத்தைக் கீழே போடுவது அடையாளம். கயிறு எடுத்தால் பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்தே ஆக வேண்டும், முனை மழுங்கியது, உடம்பைக் கீறாதது. குடித்த நாளில் எதுவும் கிடையாது. முடிந்த பிறகு போர்வை, தண்ணீர், கொஞ்ச நேரம் அணைத்தபடி பேச்சு, மறுநாள் 'எப்படி இருக்கே' என்று ஒரு போன். புதிதாக ஒருவரைச் சந்திப்பதென்றால் முதல் தடவை ஆள் நடமாட்டமுள்ள காபி ஷாப்பில் மட்டும்தான்.

பார்த்த உடனே எனக்குத் தோன்றியது, என் கட்சிக்காரப் பெண்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மூன்றாவது பத்தி கிடைத்திருக்கும் என்பதுதான். அடக்குவதும் அடங்குவதும் அங்கே இரண்டு பேரும் பேசி எழுதி வைத்துக்கொண்ட ஒன்று. சிவப்பு என்று அவள் சொன்னால் அதிகாரம் முழுக்க அவள் கைக்கு வந்துவிடுகிறது. அடங்கிப்போகும் பக்கத்தில் ஆண்களும் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் பெண்களாக இருப்பதும் உண்டு. அதனால் இதை நேராக ஆணாதிக்கத்தின் நகல் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமும் தன் பார்வையை மாற்றிக்கொண்டுவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, வழக்கத்துக்கு மாறான விருப்பம் வேறு, நோய் வேறு என்று பிரித்துவிட்டது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில், சம்மதத்தோடு நடக்கும் இத்தகைய உறவு நோயாக இடம்பெறவில்லை.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது, சின்ன வயதில் இருந்து ஆண் ஆள்வதையே பார்த்து வளர்ந்ததால் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். ஆனால் யாருடைய ஆசைதான் ஊர் உலகத்தின் நிழல் படாமல் வருகிறது? கணவன் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவதில் சந்தோஷம் காணும் பெண்ணின் ஆசையும் அங்கிருந்துதான் வந்தது. அவளை யாரும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பதில்லை. பெண்களின் ஆசைகளுக்கு மார்க் போடுவதைப் பெண்ணியத்தின் வேலையாக நான் நினைக்கவில்லை.

இந்த விவாதம் அமெரிக்காவில் பெரிய சண்டையாகவே நடந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1978இல் சமோயிஸ் என்ற லெஸ்பியன் குழு, தாங்கள் பெண்ணியவாதிகள், பிடிஎஸ்எம்மும் செய்கிறவர்கள் என்று வெளிப்படையாக வந்தது. 1982 ஏப்ரலில் நியூயார்க் பர்னார்ட் கல்லூரியில் பாலியல் குறித்து நடந்த பெண்ணிய மாநாட்டுக்கு வெளியே, ஆபாசப் படங்களை எதிர்த்த பெண்ணியவாதிகளே துண்டறிக்கை கொடுத்து எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த எதிர்ப்பு அணியில் முன்னால் நின்ற ஆண்ட்ரியா டுவார்கின், கேத்தரின் மெக்கினன் பக்கத்து வாதம் இது: ஆணும் பெண்ணும் சமமாக இல்லாத உலகத்தில் பெண்ணின் சம்மதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. 1984இல் மானிடவியலாளர் கேல் ரூபின் எதிர்ப்பக்கத்தில் இருந்து எழுதினார். சமூகம் சிலவகை உறவுகளை மேலே வைத்துக் கொண்டாடுகிறது, மற்றதையெல்லாம் கீழே தள்ளித் தண்டிக்கிறது, அருவருப்பை நீதியாக நினைத்துக்கொள்கிறது என்றார். எனக்கு மெக்கினனின் சந்தேகம் நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் கல்யாணக் கட்டில். ஊர் முகம் சுளிக்கும் சிறு குழுக்களை மட்டும் சந்தேகப்பட்டால், ரூபின் சொன்ன தப்பைத்தான் நாமும் செய்வோம்.

இதெல்லாம் நமக்கு அமெரிக்காவில் இருந்து வந்த சண்டை என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் இது அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூரு நாகரத்தினம்மாள் 1910இல் ஒரு தெலுங்குக் காவியத்தைச் சென்னையில் பதிப்பித்தார். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற தேவதாசி எழுதியது, ராதையின் காமத்தை மறைக்காமல் பேசுவது. விதவை மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கமே அதை ஆபாசம் என்று சாடியிருந்தார். அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து தடை போட்டது. சுதந்திரத்தை ஒட்டித்தான் தடை நீங்கியது. ஆண் எழுதினால் சிருங்காரம், பெண் எழுதினால் ஆபாசமா என்ற அன்றைய வாதத்துக்கு இன்றைக்கும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய மோதல். சென்னை சட்டமன்றத்தில் 1927 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அந்த வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் அதற்கு எதிராகப் பேசினார். நாகரத்தினம்மாள் உள்ளிட்ட சென்னை தேவதாசிகள், எங்களையும் கலையையும் குற்றவாளிகளாக்காதீர்கள் என்று அரசுக்கு மனு கொடுத்தார்கள். சட்டம் 1947இல் நிறைவேறியது. இவர்களில் ஒருவரைக்கூட எனக்குப் பெண்ணிய வரலாற்றில் இருந்து தள்ளிவைக்க முடியவில்லை. பொட்டுக்கட்டுவதை ஒழித்தது சரி, ஏனென்றால் அதில் அகப்பட்டது சிறுமி. அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்பார் இல்லை. வளர்ந்த பெண்கள் எழுதிக் கொடுத்த மனுவை, அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கியது சரியில்லை. பாதிக்கப்பட்டவள் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்த பிறகு அவள் பேச்சைக் கேட்காமல் விடுவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. பெரியார் அதே காலத்தில் கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசியது இங்கே நினைவுக்கு வருகிறது. மற்றவர்கள் அதைப் பெண்களின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் ஆதரித்தபோது, அவர் பெண்களின் விடுதலைக்காக ஆதரிப்பதாகச் சொன்னார். அவளுக்கு நல்லது எது என்று மற்றவர்கள் முடிவு செய்வதை விட்டு, அவளே முடிவு செய்யட்டும் என்ற இடத்துக்கு வந்த பேச்சு அது. இத்தனைக்குப் பிறகும் 2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன ஒரு கருத்துக்காகத் தமிழ்நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். அவை ரத்தாக 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

சரி, இரண்டாவது கேள்வி. சம்மதம் இருந்தால் போதுமா?

போதாது என்று சொல்ல எனக்கு முதல் காரணம் உடம்பு. சட்டத்தில், 18 வயது நிரம்பியவர் சம்மதித்தால் சிறு காயம் குற்றமாகாது என்று ஒரு பிரிவு உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 25. வாள் சண்டை விளையாட்டை உதாரணமாகச் சொல்லும் பிரிவு அது. கொடுங்காயமோ மரணமோ நேரக்கூடிய செயலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கழுத்தை நெரிப்பது இப்போது சாதாரணமாகிவிட்டதாகச் சின்னப் பெண்கள் என்னிடம் சொல்கிறார்கள். படத்தில் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கையைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். வெளியே தழும்பே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழியலாம், சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். இதில் நான் நடுநிலை கிடையாது. சம்மதம் இருந்தாலும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, சம்மதம் ஒருமுறை கொடுத்தால் நிரந்தரமாகிவிடுவதில்லை, எதிர்க்காமல் இருந்தாலே சம்மதம் என்றும் ஆகிவிடுவதில்லை. மகாராஷ்டிராவில் 1972இல் காவல் நிலையத்துக்குள்ளேயே பாலியல் வல்லுறவுக்கு ஆளான மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் வழக்கில், உடம்பில் காயம் இல்லை, அதனால் எதிர்க்கவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அதைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினார்கள். அந்தக் கோபத்தில் இருந்து 1983இல் ஒரு திருத்தம் வந்தது, 2013இல் சம்மதத்துக்கு விளக்கம் வந்தது. சொல்லாலோ சைகையாலோ தெளிவாகவும் தானாகவும் தெரிவிக்க வேண்டும், உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே அது சம்மதம் ஆகிவிடாது. அந்தரங்கப் படத்துக்கும் இதே நியாயம்தான். எடுப்பதற்குச் சம்மதித்தாலும், பரப்புவதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம். இப்போது அது 77ஆம் பிரிவு.

மூன்றாவது, இந்தக் குழுக்களுக்குள்ளும் அயோக்கியர்கள் உண்டு. அட்டவணை, சேஃப்வேர்ட் என்ற மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டு வேட்டையாடுபவர்கள். "நீ உண்மையான சப்மிசிவா இருந்தா சிவப்பு சொல்லமாட்டே" என்பார்கள். புதிதாக வரும் பெண்ணை முதல் வாரத்திலேயே மற்றவர்களிடம் பேசாதே என்பார்கள். குழுவில் மூத்தவர், பயிற்சி கொடுப்பவர் என்று பெயர் வாங்கியவர் மேல் புகார் வந்தால், வெளியே தெரிந்தால் எல்லாருக்கும் ஆபத்து என்று சொல்லி அமுக்கிவிடுவார்கள். குடும்ப மானம் என்று சொல்லி மருமகளின் வாயை அடைப்பதும் இதுவும் ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்குப் போலீஸுக்குப் போகவும் பயம். 'இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டவதானே' என்பார்கள் என்ற பயம், பெயர் வெளியே வரும் என்ற பயம். அந்தப் பயம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்த கொடுமையில், அவர் அடையாளத்தோடு எஃப்ஐஆரே இணையத்தில் கசிந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆண்களுக்கும் திருநர்களுக்கும் நிலைமை இன்னும் மோசம். 2018இல் உச்ச நீதிமன்றம், 'இயற்கைக்கு மாறான' உறவைத் தண்டித்த பழைய சட்டத்தின் 377ஆம் பிரிவில் இருந்து வயது வந்தவர்களின் சம்மத உறவை மட்டும்தான் விலக்கியது, பலாத்காரம் குற்றமாகவே இருந்தது. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. பாலியல் வல்லுறவு பற்றிய பிரிவோ பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் மட்டும்தான் பொருந்தும்.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். மதுரையில் இருந்து வீட்டை விட்டு சென்னைக்கு வந்த, ஒருவரை ஒருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இடைக்கால உத்தரவு கொடுத்தார். தன் பார்வையைச் சரிசெய்துகொள்ள அவரே மனநல நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதியது. பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தாலும், தேடப்படுகிறவர்கள் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும் என்றது. பெண் வீட்டை விட்டுப் போனதும் முதலில் போலீஸை அனுப்பும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் தோழியிடம் முரண் பற்றி வாதாட வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: அவள் கடைசியாக 'வேண்டாம்' என்று சொன்னது எப்போது, அன்றைக்கு அவன் என்ன செய்தான்? அவள் யோசிக்காமல் ஏதோ ஒரு சாதாரண ராத்திரியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். 'அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை' என்று அவசரமாகச் சொன்னாலோ, பதிலுக்கு அவனுக்குக் கோபம் வரும் விதத்தை விவரித்தாலோ, அவனைத் திட்டாதீர்கள், அவளை விட்டு விலகாதீர்கள். சம்பளம் யார் கணக்குக்குப் போகிறது, அவள் போன் யார் கையில் இருக்கிறது, படங்கள் யாரிடம் இருக்கின்றன என்பதைப் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிரட்டல் வந்திருந்தால் எந்த மெசேஜையும் அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பாலியல் குற்றம் என்றால் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும், பாலியல் வல்லுறவு வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். முதலில் பேசிப் பார்க்க மட்டும் வேண்டும் என்றால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள். பிடிஎஸ்எம் என்ற சொல்லை அங்கே சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, 'நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை' என்பது போதும்.